விஜ்ஸ் கரைசலா, ஹானஸ் கரைசலா? டெல்டாவின் எண்ணெய்ச் சோதனைக்கு ஏற்ற ஹேலஜன் இடைச்சேர்மம்

செக்கெண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவர் தம் எண்ணெயின் அயோடின் எண்ணைத் தாமே பார்த்துக்கொள்ள ஒரு சிறு சோதனை அறை அமைக்க நினைத்தாலும், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறை அதே சோதனையை மாணவர்களுக்குச் செய்முறையாக வைக்க நினைத்தாலும், முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். அயோடின் மோனோகுளோரைடு கலந்த விஜ்ஸ் கரைசலை வாங்கி வைப்பதா, அயோடின் மோனோபுரோமைடு கலந்த ஹானஸ் கரைசலை வாங்கி வைப்பதா? ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை அடங்கிய தனிமக் குடும்பமே ஹேலஜன்கள். இரண்டுமே இரு வேறு ஹேலஜன்கள் ஒன்றோடொன்று கூடி உண்டாகும் இடைச்சேர்மங்கள். இரண்டும் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில், அதாவது நீர் ஏறக்குறைய இல்லாத அசிட்டிக் அமிலத்தில் கரைந்து, பழுப்புக் குப்பியில் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பவை. செய்முறைப் புத்தகங்கள் பலவற்றில் இது அல்லது அது என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நல்லெண்ணெய்க்கு அந்த எண்ணம் பொருந்தாது என்பதும், தேங்காய் எண்ணெய்க்கு ஓரளவு பொருந்தும் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களில் பாதி இந்தச் சேர்மங்களின் வேதியியலிலும் மீதி நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் இருக்கின்றன.

100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினுக்கு ஈடான ஹேலஜனை ஏற்றுக்கொள்கிறது என்பதே அயோடின் எண். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட இந்த எண் ஏறும். கரைப்பானில் கரைத்த எண்ணெயோடு அளந்த ஹேலஜன் கரைசலைச் சேர்த்து வைத்து, எண்ணெய் ஏற்காமல் மிஞ்சியதைப் பொட்டாசியம் அயோடைடால் அயோடினாக மாற்றி, பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து தயோசல்பேட் கரைசலைச் சொட்டவிட்டு அளப்பார்கள். எண்ணெய் சேர்க்காமல் இதையே செய்வது வெற்றுச் சோதனை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே எண்ணெய் ஏற்றுக்கொண்ட அளவு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120 வரையிலும், கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரையிலும், தவிட்டு எண்ணெய்க்கு 90 முதல் 105 வரையிலும், தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10 வரையிலும், பாமோலினுக்கு 54 முதல் 62 வரையிலும் எல்லை வகுத்திருக்கின்றன. சம்பா, தாளடி அறுத்த வயலில் எள் விதைத்து எடுத்து உள்ளூர்ச் செக்கில் ஆட்டும் நல்லெண்ணெயில் யாரேனும் பாமோலின் கலந்தால், இந்த எண்ணே முதலில் காட்டிக்கொடுக்கும். 110 உள்ள நல்லெண்ணெயில் 58 உள்ள பாமோலினை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் கலவையின் எண் 99.6 ஆகி, எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதே அளவு தவிட்டு எண்ணெயை, அதன் எண் 98 என்று வைத்துக்கொண்டு, கலந்தால் 107.6 வரும். கலப்படம் எல்லைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே அயோடின் எண்ணை மட்டும் வைத்து எந்த எண்ணெயும் தூயது என்று யாரும் சான்றளிக்கக் கூடாது. ஆனால் எல்லைக்கு வெளியே விழும் எண்ணெயைத் தடுத்து நிறுத்த இது ஒரு மலிவான சோதனை. எல்லைக்கு அருகில் ஓரிரண்டு அலகுகள்கூட முக்கியமாகிவிடுவதால்தான் எந்தக் கரைசல் என்ற கேள்விக்கு எடை கூடுகிறது.

பெயரில் அயோடின் இருந்தும் ஏன் வெறும் அயோடினைப் பயன்படுத்துவதில்லை என்பதை விளங்கிக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். இரட்டைப் பிணைப்பில் அயோடின் மெதுவாகச் சேரும், சேர்ந்த பின்னும் எளிதில் பிரிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குளோரினும் புரோமினும் இதற்கு நேர்மாறானவை. அவை விரைந்து சேரும் என்றாலும் அத்தோடு நிற்பதில்லை. பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜனையும் வெளியே தள்ளிவிட்டு அவ்விடத்தில் உட்காரும் பதிலீட்டு வினையிலும் இறங்கி, இல்லாத இரட்டைப் பிணைப்புகளை இருப்பதாகக் கணக்கில் காட்டிவிடும். ஃப்ளூரினைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது எண்ணெயையே எரித்துவிடும். ஒன்று சோம்பல், மற்றவை அவசரம் என்ற இந்த நிலையில், அயோடினையும் அதைவிட எலக்ட்ரான் கவரும் ஆற்றல் மிக்க இன்னொரு ஹேலஜனையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்தால் நடுத்தரமான, கட்டுக்குள் நிற்கும் வினைத்திறன் கிடைக்கிறது. இதுவே இடைச்சேர்மங்களின் பயன்.

அயோடினின் எலக்ட்ரான் கவர்தன்மை 2.66, புரோமினுடையது 2.96, குளோரினுடையது 3.16. அயோடின் மோனோகுளோரைடில் இரு அணுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.50 ஆக, அயோடின் பக்கம் தெளிவான நேர்மின் சாயல் ஏறுகிறது. அயோடின் மோனோபுரோமைடில் அந்த வேறுபாடு 0.30 மட்டுமே. இரட்டைப் பிணைப்பை முதலில் அணுகுவது இந்த நேர்மின் சாயல் கொண்ட அயோடின்தான். அது இரு கார்பன்களையும் பாலம்போல் பற்றி ஒரு மூவணு வளைய அயனியை உண்டாக்குகிறது. பிறகு குளோரைடோ புரோமைடோ எதிர்ப்புறமிருந்து வந்து சேர, வினை முற்றுப்பெறுகிறது. முனைவுத்தன்மை கூடிய மோனோகுளோரைடு இந்த முதல் படியை விரைவாகவும் முழுமையாகவும் முடிக்கிறது. மோனோபுரோமைடு அதே வேலையைச் சற்றுத் தயக்கத்தோடு செய்கிறது.

பிணைப்பின் வலிமையும் இங்கே பேச வேண்டிய ஒன்று. அயோடின் குளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 210 கிலோஜூல் வேண்டும், அயோடின் புரோமின் பிணைப்புக்கு 175 கிலோஜூலை ஒட்டிய ஆற்றலே போதும். இதன் விளைவு ஆவிநிலையில் கண்கூடாகத் தெரியும். அறை வெப்பநிலையில் மோனோகுளோரைடு நூற்றில் ஒரு பங்குகூடத் தன் தனிமங்களாகப் பிரிவதில்லை, மோனோபுரோமைடோ பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பிரிந்து, அயோடினும் புரோமினும் அதோடு கலந்தே நிற்கின்றன. சோம்பலான அயோடினும் அவசரக்காரப் புரோமினும் மீண்டும் உள்ளே நுழைந்துவிட்டால், எவற்றைத் தவிர்க்க இடைச்சேர்மத்தைத் தேடினோமோ அவையே சிறிய அளவில் திரும்பி வருகின்றன என்று பொருள். இந்த இரு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. நடைமுறையில் முதலாவதே மேலோங்குவதால், ஒரே எண்ணெய்க்கு ஹானஸ் முறை பொதுவாக விஜ்ஸ் முறையைவிடச் சில சதவீதம் குறைவான எண்ணையே தருகிறது.

இந்தக் குறைவை எடுத்துக்காட்டுக்காக மூன்று சதவீதம் என்று கொள்வோம். விஜ்ஸ் முறையில் 105 காட்டும் நேர்மையான நல்லெண்ணெய், ஹானஸ் முறையில் 101.9 காட்டும். எல்லை 103 என்பதால் எந்தக் குற்றமும் செய்யாத எண்ணெய் தேறாமல் போகும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய் எண்ணெய்க்கோ அதே மூன்று சதவீதம் 9-ல் 0.27 மட்டும்தான். அது பியூரெட்டில் கை தவறும் அளவைவிடப் பெரிதல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வுமுறைக் கையேடும், பன்னாட்டுத் தர முறையும் விஜ்ஸ் கரைசலையே அடிப்படையாகக் கொண்டவை. 103 முதல் 120 என்ற எல்லையே அந்த அளவுகோலில் வகுக்கப்பட்டிருக்க, வேறோர் அளவுகோலால் அளந்துவிட்டு அந்த எல்லையோடு ஒப்பிடுவது முறையாகாது. அறிக்கை என்று ஒன்றை வெளியே கொடுக்கும் எவருக்கும், என்னைக் கேட்டால், விவாதம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

பழைய புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. 1884-ல் ஆஸ்திரியரான ஹியூபில் வகுத்த அந்த முறையில் அயோடினும் மெர்குரிக் குளோரைடும் ஆல்கஹாலில் கரைக்கப்படும். அங்கும் உண்மையில் வேலை செய்வது, இரண்டும் வினைபுரிந்து உண்டாகும் அயோடின் மோனோகுளோரைடுதான். 1898-ல் டச்சுக்காரரான விஜ்ஸ் பாதரச உப்பை விட்டுவிட்டு மோனோகுளோரைடையே நேராக அசிட்டிக் அமிலத்தில் கரைத்ததும், 1901-ல் செக் வேதியியலர் ஹானஸ் அதற்குப் பதில் மோனோபுரோமைடைக் கொண்டுவந்ததும், பல மணி நேரக் காத்திருப்பு அரை மணியாகச் சுருங்கின. ஹியூபில் கரைசலை இன்று யாரும் புதிதாகத் தயாரிக்க வேண்டிய தேவை இல்லை. பாதரசக் கழிவை எங்கே கொட்டுவது என்ற ஒரு கேள்வியே அதை ஒதுக்கப் போதும்.

இனி, பொருள்களைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அயோடின் மோனோகுளோரைடின் உருகுநிலை ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் இது ஒரு விசித்திரமான எண். மார்கழி, தை மாதக் காலை நேரங்களில் குப்பியைத் திறந்தால் உள்ளே மாணிக்கச் சிவப்பில் ஊசி ஊசியாக உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அதே குப்பிக்குள் கருஞ்சிவப்புத் திரவமாக இளகி நிற்கும். பங்குனி முதல் ஆவணி வரை அது உறைந்த நிலையில் கண்ணிலேயே படாது. அதன் ஆவி மூக்கைத் துளைக்கும், ரப்பரையும் தக்கையையும் அரிக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும். மோனோபுரோமைடு 42 டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்பதால் சித்திரை வெயிலிலும் பெரும்பாலும் கரும்படிகமாகவே இருக்கும். திடப்பொருள் என்பதால் எடை போட்டு எடுப்பது எளிது என்பது ஹானஸ் முறைக்குச் சாதகமான, உண்மையான ஒரு வாதம். அதையும் மூடியுள்ள கண்ணாடி எடைக்குப்பியில்தான் போட வேண்டும். தராசுத் தட்டில் தாளை விரித்துக் கொட்டினால், அந்தத் தராசை அடுத்த முறை பயன்படுத்துவோர் நம்மைத் திட்டுவார்கள்.

நிறத்தை நம்பி இவற்றை அடையாளம் காண முடியாது என்பதற்கு வேதியியல் வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஜெர்மனியின் க்ரொய்ட்ஸ்னாக் உப்பு ஊற்றிலிருந்து எடுக்கப்பட்ட செம்பழுப்புத் திரவத்தைச் சோதித்த ஜெர்மன் வேதியியலர் லீபிக், அதை அயோடின் குளோரைடு என்று முடிவுகட்டி ஒதுக்கி வைத்தார். 1826-ல் பாலார் என்ற பிரெஞ்சு இளைஞர் புரோமின் என்னும் புதிய தனிமத்தை அறிவித்த பிறகுதான், தம் குப்பியில் இருந்தது அதுவே என்பது லீபிக்குக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய அறிஞரையே ஏமாற்றிய ஒற்றுமை இது. எனவே ஒரே அலமாரியில் புரோமினும் அயோடின் மோனோகுளோரைடும் இருக்குமானால், பெயர்ச்சீட்டு அமில ஆவியில் மங்கிப்போகும் முன்பே மாற்றி ஒட்டிவிட வேண்டும்.

கரைசலைத் தாமே தயாரிக்க விரும்புவோருக்கு இரு வழிகளின் சிரமமும் வேறு வேறு. விஜ்ஸ் கரைசலுக்கு லிட்டருக்கு 13 கிராம் அயோடினைக் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அதில் உலர்ந்த குளோரின் வாயுவைச் செலுத்த வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மீது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டவிட்டு வரும் வாயுவை நீரிலும், பின்பு அடர் கந்தக அமிலத்திலும் கழுவி அனுப்புவார்கள். அயோடினின் அடர்பழுப்பு மறைந்து கரைசல் தெளிந்த ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பும் கணத்தில் நிறுத்த வேண்டும். தரம்பார்த்தால் தயோசல்பேட் செலவு தொடக்கத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கும். சற்றே தாண்டிவிட்டால் மிகுதியான குளோரின், அயோடின் டிரைகுளோரைடை உண்டாக்கிப் பதிலீட்டு வினைக்கு வழி திறந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ளோர் தொடக்கக் கரைசலில் கொஞ்சத்தை எடுத்துத் தனியே வைத்திருந்து, கடைசியில் அதைச் சேர்த்து அயோடின் சிறிது மிகுந்திருக்கும்படி சரிசெய்வார்கள். வாயுவே வேண்டாம் என்றால் அயோடின் டிரைகுளோரைடையும் அயோடினையும் உரிய விகிதத்தில் சேர்க்கலாம். ஒரு மூலக்கூறு டிரைகுளோரைடும் ஒரு மூலக்கூறு அயோடினும் கூடி மூன்று மூலக்கூறு மோனோகுளோரைடைத் தரும்.

ஹானஸ் கரைசலுக்கு வாயு வேண்டாம். அதே 13 கிராம் அளவு அயோடினைக் கரைத்து, ஏறத்தாழ 3 மி.லி. புரோமினைச் சேர்த்தால் வேலை முடிந்தது. காகிதத்தில் எளிமையாகத் தெரியும் இந்த வேலை எனக்கு எளிமையாகத் தெரிவதில்லை. புரோமின் கையில் பட்டால் உண்டாகும் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். புகைபோக்கிப் பெட்டி ஓடாத அறையில் அதன் குப்பியைத் திறக்கவே கூடாது. திறப்பதற்கு முன் தயோசல்பேட் கரைசல் ஒரு முகவையில் பக்கத்தில் இருக்க வேண்டும். குளோரின் கசிந்தால் மணமே எச்சரித்துவிடும், விலகி நிற்க நேரம் கிடைக்கும். புரோமின் துளி அப்படி நேரம் கொடுக்காது. இரண்டில் எதையும் செய்ய வசதி இல்லாத இடத்தில், ஆய்வகப் பொருள் விற்பனையாளரிடம் ஆயத்த விஜ்ஸ் கரைசலாகவே வாங்கிவிடுவதுதான் அறிவுடைமை. அது அரை லிட்டர், ஒரு லிட்டர்ப் பழுப்புக் குப்பிகளில் கிடைக்கிறது. பெரிய குப்பியை வாங்கி அடிக்கடி திறப்பதைவிடச் சிறிய குப்பிகளாக வாங்குவது நல்லது.

அடிக்கடி திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஈரம். அயோடின் மோனோகுளோரைடு நீரைக் கண்டால் சிதையும். ஐந்து மூலக்கூறு மோனோகுளோரைடும் மூன்று மூலக்கூறு நீரும் வினைபுரிந்தால் அயோடிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம், தனி அயோடின் மூன்றும் உண்டாகும். மோனோபுரோமைடும் நீரிடமிருந்து தப்புவதில்லை என்பதால் இந்தக் கணக்கில் இருவருக்கும் சம மதிப்பெண்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேதாரண்யம் முதல் சீர்காழி வரை காற்றே நனைந்திருக்கும் நாட்களில், திறந்த குப்பி நீரை வாங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட ஈரம் நுழையும் பெரிய வாசல் எண்ணெயே. எள்ளை ஆட்டும்போது கருப்பட்டியும் சிறிது நீரும் சேர்ப்பது வழக்கம் என்பதால், செக்கிலிருந்து வந்த புது எண்ணெயில் ஈரமும் கசண்டும் நிச்சயம் இருக்கும். அதை நன்றாகத் தெளியவைத்து, நீரற்ற சோடியம் சல்பேட்டின் மீது விட்டு, வடிதாளில் வடித்த பிறகே எடை போட வேண்டும். அசிட்டிக் அமிலத்திலும் ஆல்கஹால், ஆல்டிஹைடு போன்ற ஒடுக்கும் பொருள்கள் கலந்திருக்கக் கூடாது. கந்தக அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் சேர்த்துப் பார்க்கையில் பச்சைச் சாயல் தோன்றினால், அந்த அமிலக் குப்பியை இந்தச் சோதனைக்குத் தொடாமல் இருப்பது நலம்.

அடுத்தது வெப்பம். இரு கரைசல்களின் உடலும் அசிட்டிக் அமிலம்தான். அந்த அமிலம் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக விரியும். நீரோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. கேட்க அற்பமாக இருக்கும், கணக்குப் போட்டால் அற்பமாக இராது. காலை எட்டு மணிக்கு 28 டிகிரியில் 25 மி.லி. கரைசலைப் பிப்பெட்டால் எடுத்து வெற்றுச் சோதனையை முடிக்கிறோம், 11 மணிக்கு 33 டிகிரியில் எண்ணெய்க் குடுவைக்கு மீண்டும் 25 மி.லி. எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை எடுத்ததில் ஹேலஜன் அரை சதவீதம் குறைந்திருக்கும். தயோசல்பேட் கணக்கில் அது 0.27 மி.லி. எண்ணெயின் எடை 0.27 கிராம் என்றால் அயோடின் எண் ஒன்றேகால் அலகுக்கு மேல் பொய்யாக ஏறும். 102-ல் நிற்கும் எண்ணெய் 103-ஐத் தாண்டிவிட இதுவே போதும். வெற்றுச் சோதனைக்கும் எண்ணெய்க்கும் உரிய கரைசலை ஒரே மூச்சில், ஒரே பிப்பெட்டால், ஒரே வெப்பநிலையில் எடுத்துவிட்டால் இந்தப் பிழை அறவே வராது. ஹானஸ் கரைசலுக்கும் இதே விதிதான்.

விஜ்ஸ் கரைசலை 30 டிகிரிக்குக் கீழே இருட்டில் வைக்க வேண்டும், வினை நிகழும் அறை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்பவை முறைநூல்களின் நிபந்தனைகள். குளிரூட்டி இல்லாத அறையில் டெல்டாவின் கோடை முழுவதும் இவை மீறப்படும். அதற்காகக் கரைசலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது இன்னொரு தவறு. கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைந்து இளகிய கரைசலை நன்றாகக் கலக்காமல் எடுத்தால் குப்பியின் மேல்பகுதி ஒரு செறிவிலும் அடிப்பகுதி இன்னொரு செறிவிலும் இருக்கும். வெப்பத்தைத் தாங்குவதில் ஹானஸ் கரைசல் சற்று மேல் என்று சிலர் சொல்வதுண்டு. வைத்திருந்து பயன்படுத்த அது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 38 டிகிரி அறையில் எந்த முறையில் பார்த்தாலும் வரும் எண்ணை நான் நம்ப மாட்டேன். கோடையில் இந்தச் சோதனையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வதே குளிரூட்டி இல்லாதவர்களுக்கு உள்ள வழி.

செலவைப் பற்றியும் ஒரு தவறான கணக்கு நிலவுகிறது. புரோமின் நம் நாட்டிலேயே குஜராத் கடலோரத்திலும் கட்ச் பகுதியிலும் உப்பளக் கழிநீரிலிருந்து எடுக்கப்படுவதால் மலிவு என்பதும், அயோடின் பெரும்பாலும் சிலி, ஜப்பான் நாடுகளிலிருந்து வருவதால் விலை மிக்கது என்பதும் உண்மையே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமின் இருக்க, அயோடின் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. ஆனால் இதிலிருந்து ஹானஸ் மலிவு என்று முடிவு கட்ட முடியாது, ஏனெனில் இரு கரைசல்களும் லிட்டருக்கு ஒரே அளவு அயோடினையே விழுங்குகின்றன. 25 மி.லி. கரைசலில் உள்ள அயோடின் 0.32 கிராம்தான். சோதனையின் முடிவில் குடுவைக்குள் ஊற்றும் 15 மி.லி. பத்து சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் இருக்கும் அயோடினோ 1.15 கிராம், அதாவது மூன்றரை மடங்கு. பணம் கரைவது அங்கேதான். சிக்கனம் வேண்டுவோர் கரைசலை மாற்றுவதைவிட, தேவையில்லாத மறுசோதனைகளைக் குறைப்பதில் கவனம் வைக்கலாம்.

மறுசோதனை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்றால், எடையிலும் பியூரெட்டிலும் இருந்துதான். ஊற்றிய ஹேலஜனில் பாதிக்குமேல் எண்ணெய் குடித்துவிடக் கூடாது. அயோடின் எண் 110-ஐ ஒட்டிய நல்லெண்ணெய்க்கு 0.25 முதல் 0.28 கிராம் வரை எடுத்தால் இந்த விதி காப்பாற்றப்படும், தேங்காய் எண்ணெய்க்கு 3 கிராம்வரை போகலாம். வெற்றுச் சோதனைக்கு 0.1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) தயோசல்பேட் 50 மி.லி. ஆகும். கரைசல் இம்மியளவு கூடுதலாக இருந்தாலும் 50 மி.லி. பியூரெட் அடிவரை இறங்கி, பாதி வழியில் மறுபடி நிரப்ப வேண்டி வரும். அப்படி நிரப்பும்போது வரும் பிழை வெற்று மதிப்பில் ஏறி, அன்றைய எல்லா எண்ணெய்களின் கணக்கையும் கெடுக்கும். கரைசலைத் தயாரிக்கும்போதே 0.2 நார்மலுக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்துவது இதற்கு எளிய தீர்வு. அயோடின் குடுவையின் மூடியைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சில துளிகள் விட்டு வைத்தால், தப்பி வரும் ஹேலஜன் ஆவி அங்கேயே சிக்கிக்கொள்ளும். முடிவில் மூடியைத் தூக்கும்போது அந்தத் துளிகள் மஞ்சளாகி இருப்பதைக் காணலாம், அவற்றையும் குடுவைக்குள் கழுவி இறக்கிவிட வேண்டும். தயோசல்பேட் விடவிடக் கரும்பழுப்பு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். கடைசித் துளிகளில் குடுவையை மூடி நன்றாகக் குலுக்காவிட்டால், கரைப்பான் அடுக்கில் ஒளிந்திருக்கும் அயோடின் சற்று நேரத்தில் மேலே வந்து நீலத்தை மீண்டும் காட்டும். இவை எதிலும் விஜ்ஸுக்கும் ஹானஸுக்கும் வேறுபாடு இல்லை என்பதால், ஒரு முறையில் கை பழகியவருக்கு மற்றது புதிதாக இராது.

இந்தக் குடும்பத்தில் வேறு உறுப்பினர்களும் இருக்கும்போது ஏன் இந்த இருவர் மட்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. புரோமின் மோனோகுளோரைடு 5 டிகிரியிலேயே கொதித்துவிடும் வாயு, கணிசமாகப் பிரியவும் செய்யும். நீரைக் கிருமி நீக்கம் செய்ய அது உதவும், பியூரெட் வேலைக்கு உதவாது. அயோடின் டிரைகுளோரைடு இரண்டிரண்டாக இணைந்து தட்டையாக அமையும் மஞ்சள் திடப்பொருள், சூடேறினால் குளோரினை விட்டுவிட்டு மோனோகுளோரைடாகும். ஃப்ளூரின் சேர்ந்தவை தனி உலகம். ஐந்து ஃப்ளூரின் கொண்ட அயோடின் சேர்மமும், ஏழு கொண்டதும் வடிவத்தைப் படிக்க அழகானவை. குளோரின் டிரைஃப்ளூரைடோ மணலையும் கான்கிரீட்டையும் கல்நாரையும் பற்றவைக்கக் கூடியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதை ஆயுதமாக்க முயன்று, பால்கன்ஹாகனில் ஆலையே கட்டியது. இன்று அது சிலிக்கான் சில்லு ஆலைகளில் கருவிகளின் உட்புறத்தைத் துப்புரவாக்கப் பயன்படுகிறது. எண்ணெய்க்கு அருகில் அதை நினைக்கவும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் கழிவு ஒன்றுதான், அதைப் பற்றி டெல்டாக்காரர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். இங்கே பல கட்டடங்களின் கழிவுநீர் போய்ச் சேரும் இடம் ஏதோ ஒரு வாய்க்கால், அந்த வாய்க்கால் நீர் யாரோ ஒருவருடைய வயலுக்குப் போகிறது. மிஞ்சிய விஜ்ஸ் அல்லது ஹானஸ் கரைசலை நிறம் போகும்வரை தயோசல்பேட் விட்டு ஒடுக்கிய பிறகு, அமிலத்தைச் சோடாவால் சமன்செய்ய வேண்டும். எண்ணெயைக் கரைக்கப் பழைய முறைகள் சொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடு ஓசோனைக் கெடுப்பதால் கைவிடப்பட்ட பொருள். இப்போது சைக்ளோஹெக்சேனும் அசிட்டிக் அமிலமும் சமபங்கு கலந்த கரைப்பானே போதுமானது. அது தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் அடுப்பெரிக்கக் கூடாது, தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்து வைக்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் மூன்றுக்கும், குறிப்பாக எல்லை எண்ணோடு ஒப்பிட்டு வெளியே சொல்ல வேண்டிய எந்த முடிவுக்கும், ஆயத்தமாக வாங்கிய விஜ்ஸ் கரைசலையே நான் பரிந்துரைப்பேன். தேங்காய் எண்ணெய் மட்டும் ஆட்டுவோர், கையில் ஏற்கெனவே ஹானஸ் கரைசல் இருந்தால், அதைக் கொட்டிவிட்டு மாறத் தேவையில்லை. கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே வகுப்பில் பாதிப் பேருக்கு விஜ்ஸையும் பாதிப் பேருக்கு ஹானஸையும் கொடுத்து, ஒரே குப்பி நல்லெண்ணெயைப் பார்க்கச் சொன்னால், எலக்ட்ரான் கவர்தன்மையில் 0.50-க்கும் 0.30-க்கும் உள்ள வேறுபாடு என்ன செய்யும் என்பதைப் பியூரெட்டிலேயே காட்டிவிடலாம். அதற்குத் திட மோனோபுரோமைடை வாங்கிக் கரைத்தால் புரோமின் குப்பியைத் திறக்கும் ஆபத்தும் இல்லை. எந்த முறையில் பார்த்தாலும் பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கரைசலின் பெயரையும் அறை வெப்பநிலையையும் எழுதி வைக்க வேண்டும். முறை எழுதாத 102 என்ற எண், அந்த எண்ணெய் தேறியதா இல்லையா என்பதைச் சொல்லாது.